அஞ்சலையின் மூக்கும் என் கடை மோரும்

மோர் விற்கிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: "தண்ணி கலந்துட்டியா?" என்று யாரும் சண்டைக்கு வர முடியாது, தண்ணீர் கலப்பதுதான் தொழிலே.

அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வருவார்கள். புளிக்கிறது என்று ஒருவர் வருவார், புளிக்கவே இல்லையே என்று இன்னொருவர் வருவார். நெம்மேலியில் கடற்கரைச் சாலை பஸ் ஸ்டாப்பை ஒட்டி, நாலு சவுக்குக் கம்பம் நட்டு மேலே கீற்று போட்டு நான் மோர்க்கடை நடத்துகிறேன். பால் திருப்போரூர்ப் பக்கத்து மாட்டுக்காரர்களிடமிருந்து வருகிறது. உறை ஊற்றுவது நான், கடைவது என் வீட்டுக்காரர், திட்டு வாங்குவது மறுபடியும் நான். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற எந்தத் தொழிலில் இருந்தாலும் உங்களுக்கும் இந்தப் பங்கீடு பழக்கமாகத்தான் இருக்கும். அந்த உரிமையில்தான் மனசு விட்டுச் சொல்கிறேன்.

கடைக்கு வருகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்குப் போட்டதா?" ஆமாம் என்றால் குடித்துவிடுவார்கள். நான் ஆமாம் என்று சொன்னதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று எனக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது சும்மா போகாது, மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கும். பிறகு நடந்ததெல்லாம் அந்தக் குடைச்சலால் நடந்ததுதான்.

தண்ணீர் தனி, மோர் தனி

கடை போட்ட புதிதில் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். முந்தின நாள் சாயங்காலம் வாங்கிப்போன பாட்டிலை, தேங்காய் வாங்கும்போது ஆட்டிப் பார்ப்பார்களே அதற்கு நேர்மாறாக, ஒரு சொட்டு கூட அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மேலே கொஞ்சம் பச்சை கலந்த தண்ணீர் தெளிந்து நின்றது. கீழே வெள்ளையாக மோர் படிந்திருந்தது. "பாரும்மா, கெட்டுப்போயி ரெண்டா பிரிஞ்சி நிக்குது" என்றார். வீட்டிலிருந்து கடை வரைக்கும் ஸ்கூட்டரில் அதை அலுங்காமல் எப்படிக் கொண்டுவந்தார் என்பதுதான் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது.

அசையாமல் வைத்தால் எந்த மோரும் தெளியும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை என்று சொன்னேன். கெட்டிருந்தால் கசக்கும், ஊற்றும்போது நூலாக இழுக்கும், மேலே புள்ளி புள்ளியாகப் பூசணம் இருக்கும் என்றும் சொன்னேன். பிரிட்ஜில் வைக்கிறவர்கள் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு அதே அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் பாதிப் புளிப்பு போய்விடும். இதையெல்லாம் பேசிக்கொண்டே பாட்டிலை வாங்கி நாலு குலுக்கு குலுக்கி, டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. பாட்டிலையே வெறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குலுக்கிட்டியே! இப்ப நான் எத்தக் காட்டி சண்ட போடறது?"

நேத்து மோரு கீதா?

அஞ்சலை மீன் விற்கிறவள். கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு, திருப்போரூர் பஸ் பிடித்து சிறுசேரிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் விற்றுவிட்டு வருவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கடையில் ஒரு டம்ளர் மோர். இந்தக் கரையில் அவள் மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்து இறங்கினால், அஞ்சலை குனிந்து மோந்து பார்த்து முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பெண்கள் விலை கேட்பார்கள்.

அப்படிப்பட்டவள் தை மாதத்தில் ஒரு காலை, "அக்கா, நேத்து மோரு மீதி கீதா?" என்று கேட்டாள். இருந்தது. மோர்க்குழம்புக்கு எடுத்து வைத்திருந்தேன். இன்றைய மோர் ஒரு டம்ளர், நேற்றையது ஒரு டம்ளர் என்று இரண்டும் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இதை மோந்தாள், அதை மோந்தாள், மறுபடி இதை மோந்தாள். பிறகு இரண்டையும் குடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மோரில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்க்கிறாளா? மீனை விட்டுவிட்டு எதிரில் மோர்க்கடை போடப்போகிறாளா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடைகிற மத்தை நிறுத்தாமலே தீர்ப்பு சொன்னார்: "பழைய மோர காசு குட்த்து வாங்கறா இல்ல? வாய மூடிக்கினு ஊத்து."

வீங்கின பாட்டில்

பஸ் ஸ்டாப்பில் சிறுசேரி ஆபீஸ் வேன் ஒன்று நிற்கும். அதில் போகிற பெண்களில் நிவேதா என்று ஒருத்தி. தோழிகளோடு இங்கே வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறாள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து தினமும் மோர் வாங்குவாள். ஒருநாள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அடி உப்பிப்போய், மேசைமேல் நேராக நிற்க முடியாமல் ஆடியது. முந்தின நாள் வேனில் மூடியைத் திருகினதும் டப்பென்று பொங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடிக்கணினி மேலெல்லாம் மோராம். அதே பானையில் வாங்கின மற்ற யாருக்கும் அப்படி ஆகவில்லை.

இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். வெயிலில் வைத்தாயா? இல்லை. சர்க்கரை போட்டாயா? இல்லை. எப்போது கழுவினாய் என்றதும் அவள் கண் விரிந்தது. தண்ணீர் பாட்டில் மாதிரி அடியில் மிச்சம் இருக்கிற மோரோடு மேலே புது மோரை வாங்கி வாங்கி நிரப்பியிருக்கிறாள். பழைய மோர் ஒரு ஸ்பூன் இருந்தால் போதும், அது புதுசையும் தன் வழிக்கு இழுத்துவிடும். மூடிக்குள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தில் ஒட்டியிருப்பதே போதும். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலக் குடைச்சல் வியாதி இருந்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு பாட்டில், உள் தட்டில் பின்பக்கமாக ஒரு பாட்டில் என்று வைத்து, எது எது என்று சொல்லாமல் தோழிகளுக்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். கதவில் வைத்ததுதான் சீக்கிரம் புளித்தது. கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அங்கே குளிர் நிற்பதில்லை. நான் இத்தனை காலம் கதவில்தான் வைத்துக்கொண்டிருந்தேன், மறுநாளே மாற்றினேன். இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லியைத் தட்டிப் போட்டு வைத்தால் வெறும் மோரைவிடச் சீக்கிரம் கெடுகிறது, குடிக்கும்போது போட்டுக்கொள்வதுதான் நல்லது என்பதும் அவள் பார்த்துச் சொன்னதே. ஆனால் அன்றைக்கு அந்த வீங்கின பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அப்போ ஒரு வாரமா நான் மோர் குடிக்கலக்கா, மோர் வளர்த்துட்டு இருந்திருக்கேன், இல்ல?"

கிட்ட வா, சொல்றேன்

அஞ்சலை விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு டம்ளரையும் அவள் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, "எதுக்குன்னு சொல்லு, அப்புறம் தர்றேன்" என்றேன். அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மழைக்காலத்தில் வந்த ஜுரம் விட்டும் அவளுக்கு மோப்பம் திரும்பவில்லை. மூக்கு அடைப்பு என்று முதலில் நினைத்தாளாம். சிறுசேரியில் வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா, வாங்கின வஞ்சிரத்தைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டி, இதை எப்படி எங்களுக்குக் கொடுத்தாய் என்று கேட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. அன்றைக்குக் கரையிலிருந்து போட் எதுவும் கடலுக்குப் போகாத நாள், வெளியூர் ஐஸ் பெட்டி மீன். ஐஸ் மீனுக்குக் கண் எப்படியும் மங்கித்தான் இருக்கும், செவுளையும் கழுவி வைத்திருப்பார்கள். அங்கே மூக்குதான் பேசணும். அது பேசவில்லை. திருப்போரூர் டாக்டர், நரம்பு தேறணும், தெரிந்த வாசனையாகப் பார்த்து தினமும் மோந்து பழகு, வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கிறார். மீனை நின்று நின்று மோந்தால் ஏலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மோர்க்கடையில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே சாமான், ஒன்று புதுசு, ஒன்று பழசு, அதுவும் தினமும் கிடைக்கிறது.

"வெளிய சொல்லிடாதக்கா. தெரிஞ்சுதுன்னா ஊர்ல கீற கெட்டுப்போன பெட்டி எல்லாம் என் தலைல கட்டிடுவாங்கோ" என்றாள். வியாபாரம் போய்விடும் என்ற பயத்தைச் சொன்னபோது குரல் உறுதியாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு வயசில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது அவளுக்கு. எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்ன கடைசி வார்த்தையில்தான் குரல் உடைந்தது: "எண்ண தேச்சி குளிப்பாட்டிட்டு பாப்பா தலைய மோந்து பார்க்கறேன்க்கா, செவுத்த மோந்தா மாதிரி கீது."

எவர்சில்வர் டம்ளர் பரீட்சை

அவளை நான் சும்மா விடவில்லை. முதலில் ஒரு குளறுபடியைக் கண்டுபிடித்தேன். இரண்டு டம்ளரில் பழசு எது என்று அவள் சில நாள் சரியாகச் சொன்னாள், எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு பார்த்தால் அது மூக்கு சொன்னது இல்லை, நாக்கு சொன்னது. புளிப்பு, உப்பு, காரமெல்லாம் நாக்குக்கே தெரியும், மோப்பம் போனாலும் அது போகாது. நாமெல்லாம் மோரைக் குடித்துப் பார்த்துப் புதுசு பழசு சொல்லும்போது மூக்கும் நாக்கும் கூட்டு வியாபாரம் செய்கின்றன, லாபத்தை மட்டும் நாக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் சட்டம் போட்டேன்: மோந்து பார்க்கலாம், பதில் சொல்கிற வரைக்கும் உதட்டில் படக்கூடாது.

அப்புறம் கண். பழைய மோரில் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டும், அதைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அதற்கு நிவேதாவின் யோசனையை இரவல் வாங்கினேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மேலே துணி கட்டி, எனக்கே எது என்று மறந்துபோகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தேன். இப்போது அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சில நாள் சரியாகச் சொன்னாள், சில நாள் தப்பாகச் சொன்னாள், குருட்டாம்போக்குதான். பங்குனி போனது, சித்திரை வெயிலும் வந்தது. ஒன்றும் மாறவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. கடைகிற வேலையை முடித்துவிட்டு, துணி கட்டின டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரர் கேட்டார்: "உனுக்கு இங்க மோரு விக்கற வேலையா, மூக்கு ரிப்பேரு வேலையா?"

சேகர் கொண்டுவந்த பாட்டில்

சேகர் என்று ஒரு பையன், பைபர் போட் வைத்திருக்கிறான். பையன் என்றால் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பையன். விடியற்காலையில் கடலுக்குப் போகும்போது முந்தின நாளே வாங்கி வைத்த மோர் பாட்டில் ஒன்றை எடுத்துப் போவான். ஒருநாள் கரை திரும்பினதும் நேராகக் கடைக்கு வந்து, ஒரு மடக்கு மட்டும் குடித்த பாட்டிலை டங்கென்று வைத்தான். "இன்னாக்கா மோரு இது? வாயில வெக்க முடியல, கெட்டுப்பூட்ச்சி!" பஸ்ஸுக்கு நின்ற மீன்காரப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூடியைத் திறந்ததும் புரிந்துவிட்டது. மோர் கெடவில்லை. பச்சை மீன் வாடை மூக்கைத் துளைத்தது. மீன் போடுகிற ஐஸ் பெட்டியில் பாட்டிலையும் போட்டு வைத்திருக்கிறான், மூடியும் சரியாகத் திருகவில்லை. மோர் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். பிரிட்ஜில் வெட்டின வெங்காயத்துக்குப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள், தெரியும்.

நான் இதைச் சொன்னதும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். அஞ்சலை இருந்தாள். "அஞ்சலக்கா, நீ சொல்லு. இது மீன் நாத்தமா, மோரு கெட்ட நாத்தமா? உனுக்குத் தெரியாத மீனா?" என்று பாட்டிலை அவள் மூக்குக்கு நேராக நீட்டினான். பஸ் ஸ்டாப்பில் இருந்த அத்தனை பெண்களும் அவளைப் பார்க்கிறார்கள், ஏலத்தில் பார்க்கிற அதே பார்வை. நான் குறுக்கே புகுந்து ஏதாவது உளறலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் பாட்டிலை வாங்கிவிட்டாள்.

நிதானமாக மோந்தாள். பாட்டிலை ஒரு சுற்று சுற்றினாள். மறுபடியும் மோந்தாள். "மோரு நல்லாத்தான் கீது. சங்கரா மீன் பக்கத்துல வெச்சிட்டு அக்காவ கேட்டா அவ இன்னா பண்ணுவா?" என்றாள். சேகர் வாயைப் பிளந்தான். பெட்டியில் இருந்தது சங்கராதான். அவளுக்கு மூக்கு திரும்பிவிட்டதோ என்று நான் கிட்டே நகர்ந்து பார்த்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கட்டைவிரல் நகத்தால் அதன் அடியிலிருந்து எதையோ சுரண்டி, யாருக்கும் தெரியாமல் புடவையில் துடைத்தாள். ரோஸ் நிறத்தில் ஒரு சங்கராச் செதில்; சொன்னது மூக்கு இல்லை, கண்தான். அவள் கண்ணை நான் பார்த்தேன், அது சிரிக்கவில்லை. சேகர் மட்டும் எல்லாரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்: "மூக்குன்னா இதான்டா மூக்கு! இதுக்கு நகை போட்டு வெக்கணும்!"

கூழுக்கு இது சரிப்படாது

ஆடி மாதம் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். போன வருஷம் கூழில் கரைக்க மோர் என் கடையில் சொல்லியிருந்தார்கள். சாமி காரியமாயிற்றே என்று அன்று காலை கடைந்த மோரை, வெண்ணெய் வாசனையோடு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். கூழ் வேலையை மேற்பார்க்கிற மாரிமுத்து அண்ணன் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

இத்தனை நாள் புளிக்காத மோர்தான் நல்ல மோர் என்று நான் கட்டிவைத்திருந்த நினைப்பு அங்கே இடிந்து விழுந்தது. கேழ்வரகுக் கூழுக்குப் புளித்த மோர்தான் வேண்டுமாம், அதில்தான் சின்ன வெங்காயமும் கருவாடும் எடுபடுமாம். மோரில் புதுசு ஒரு ருசி, புளிப்பு ஒரு ருசி, கெட்டது மட்டும்தான் தள்ளுபடி என்று அன்றைக்கு எனக்குத் தெளிந்தது. புளிப்பது மோரின் வயசு, கெட்டுப்போவது மோரின் வியாதி. அண்ணன் என்னவோ இந்தத் தத்துவமெல்லாம் பேசவில்லை: "நாக்க சுண்டி இழுக்க வாணாமா? இன்னாம்மா இது, கைக்குழந்திக்கு ஊத்தற மோரு கணக்கா கீது."

கடை நாறுது

இந்த வருஷம் ஆடிக்கு நான் உஷாராகிவிட்டேன். கூழுக்கு முன்பே ஒரு பெரிய மண்பானையில் மோரை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, கடையின் மூலையில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் புளிக்க விட்டேன். பித்தளை அண்டா இருந்தது, ஈயம் பூசாதது. அதில் மோர் வைத்தால் களிம்பு ஏறிவிடும், அலுமினியமும் ஆகாது. கூழ் அன்று காலை, கேனில் மாற்றுவதற்காகப் பானையை வெளியே இழுத்துத் துணியை அவிழ்த்தேன். புளிப்பு என்றால் அப்படி ஒரு புளிப்பு வாடை, எனக்கே கண் கலங்கியது. நல்ல வேளையாகக் கடையில் மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காற்று வருகிற பக்கம் இருந்தார்கள், கவனிக்கவில்லை.

அஞ்சலை கூடையோடு குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளர் பரீட்சைக்குக்கூட அவள் அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. "எதுக்குக்கா, விடு" என்பாள், நான்தான் வற்புறுத்துவேன். கடைக்குப் பத்தடி தள்ளி வந்தவள் சட்டென்று நின்றாள். முகத்தைச் சுளித்தாள். சுளித்த முகத்தோடு அப்படியே நின்றாள். "இன்னாக்கா, உன் கடை நாறுது!" என்று கத்தினாள். கையில் டம்ளர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் டம்ளரைப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "நாறுதுக்கா! மோரு நாறுது! தாங்க முடில!" குடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் டம்ளரை வைத்தார். வாங்க வந்த இரண்டு பேர் அப்படியே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார்கள். வீட்டுக்காரர் மத்தைப் போட்டுவிட்டு, "இன்னாமே சொல்றா அவ?" என்று எழுந்தார். நான் அவரையும் பார்க்கவில்லை, வாடிக்கையாளர்களையும் பார்க்கவில்லை. ஓடிப்போய் அஞ்சலையைக் கட்டிக்கொண்டேன்.

நிஜமா என்று எனக்கு நிச்சயம் வேண்டும். அவசரமாக இரண்டு டம்ளரில் ஊற்றி, துணியால் மூடிக் கொடுத்தேன். முதல் டம்ளரை மூக்கிடம் கொண்டுபோன வேகத்தில் முகத்தைத் திருப்பி, "இது பழசு" என்றாள். மாற்றி வைத்தேன், மறுபடியும் சரியாகச் சொன்னாள். மறுபடியும் மாற்றினேன், மறுபடியும் சரி. பிறகு அவளாகவே கூடையை இறக்கிக் குனிந்தாள். ஒவ்வொரு மீனாக எடுத்து மோந்து, நடுவிலிருந்து ஒரு பாறை மீனை உருவி, "இத்த யார்ரா எனுக்குப் போட்டது?" என்று திட்டிக்கொண்டே பூனைக்கு வீசினாள். அழுதுகொண்டே திட்டினாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. கூடையை என் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வந்த வழியே குப்பத்தைப் பார்த்து ஓடினாள். ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினாள்: "பாப்பா தலைய மோந்துட்டு வந்துர்றேன், பஸ்ஸ நிறுத்தி வையிக்கா!"

கடை நாறுகிறது என்று ஊர் கூட்டிக் கத்தினவளுக்காக, ஓடிப்போன வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு டிரைவரிடம் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தி வைத்த மோர்க்காரி இந்த ரோட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.